மை நெக்ஸ்ட் மூவ்: அறுபது கேள்விகளும், யாரும் திறக்காத அந்தப் பக்கங்களும்

என் அக்கா மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். அடுத்து என்ன படிப்பது, என்ன வேலைக்குப் போவது என்ற பேச்சு ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். கடைசியில் அவளும் நானும் சேர்ந்து மூன்று வாரம் மை நெக்ஸ்ட் மூவ் என்ற இணையதளத்தோடு உட்கார்ந்தோம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் நடக்கிற தளம், கட்டணம் கிடையாது, பெயர் மின்னஞ்சல் எதுவும் கேட்பதில்லை, எந்த நாட்டில் இருந்தும் திறக்கலாம்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தளத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்வது அங்கிருக்கும் அறுபது கேள்விகளுக்குப் பதில் சொல்வதைத்தான். அது பரவாயில்லை, செய்து பார்க்கலாம். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால், ஒவ்வொரு வேலையிலும் இருப்பவர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று எழுதி வைத்த பக்கங்கள் இருக்கின்றன. 900-க்கும் மேற்பட்ட வேலைகளுக்கு அப்படி விவரம் இருக்கிறது. நான் பார்த்தவரை தொழில் தேர்வுக்கு இதைவிட உபயோகமான இலவசச் சரக்கு வேறில்லை, ஆனால் முடிவுப் பட்டியலைப் பார்த்ததும் பலரும் தளத்தை மூடிவிடுவதால் அங்கே போவதே இல்லை.

சரி, கேள்விகளில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

அறுபதும் ஒரே மாதிரி. ஒரு வேலையைச் சொல்லி, இதைச் செய்ய உனக்குப் பிடிக்குமா என்று கேட்கும். சமையலறை அலமாரி செய்வது, செங்கல் அல்லது தரை ஓடு பதிப்பது, புதிய மருந்து ஒன்றை உருவாக்குவது, நாடகம் எழுதுவது, ஒருவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது, பங்குகளை வாங்கி விற்பது, ஊழியர்களின் சம்பளத்தைக் கணக்கிடுவது, இப்படிப் போகும். அறவே பிடிக்காது என்பதில் தொடங்கி மிகவும் பிடிக்கும் வரை ஐந்து பதில்கள், நடுவில் தெரியவில்லை என்று ஒன்று. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். படிப்பு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்பதை நினைக்காமல் பிடிக்குமா என்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்லுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். இந்த ஒரு வரியை நாங்கள் இரண்டு முறை படித்தோம், ஏனென்றால் அவள் முதல் பத்துக் கேள்விக்கு அம்மா என்ன சொல்வார் என்று யோசித்துத்தான் பதில் சொல்லியிருந்தாள். மறுபடி ஆரம்பித்தோம். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், பெற்றவர்கள் தோளுக்குப் பின்னால் நின்றால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

அவள் முடித்த பிறகு நானும் செய்து பார்த்தேன். நான் பதினான்கு வருடமாக மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். அறுபதில் ஒரு கேள்வி என் வேலையையே கேட்டது: இரத்த மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்து ஆராய்வது. மிகவும் பிடிக்கும் என்று அழுத்தினேன், பொய்யில்லை, இன்றைக்கும் ஒரு ஸ்லைடை வைத்து லென்ஸைத் திருகித் தெளிவாக்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் அழுத்திய பிறகு கொஞ்ச நேரம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை நாளில் நுண்ணோக்கி முன்னால் நான் உட்காரும் நேரம் மிகவும் குறைவு. அணுக்களை எண்ணுவது மெஷின்தான். ஏதாவது சந்தேகப்பட்டு மெஷின் கொடி காட்டினால்தான் ஸ்லைடு போட்டுக் கண்ணால் பார்ப்போம். மீதி நேரம் வேறு வேலைகள், அவற்றில் பெரும்பாலானவற்றைப் பற்றி அறுபதில் கேள்வியே இல்லை.

இந்தக் கேள்வித்தாளில் எனக்கு இருக்கும் பெரிய குறையே இதுதான். ஒவ்வொரு தொழிலிலும் வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரிகிற ஒரு காட்சியை எடுத்துக் கேட்கிறது. ஆசிரியர் என்றால் வகுப்பெடுப்பது, இசைக் கலைஞர் என்றால் வாத்தியம் வாசிப்பது. பதினேழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்தது அந்தக் காட்சிதான், அதைத்தான் பிடிக்கும் என்று அழுத்துகிறது. விடைத்தாள் திருத்துவது பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

முடிவு ஆறு எண்களாக வரும். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் வெளியிட்ட கோட்பாடு இதற்கு அடிப்படை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்துக்கு ஆள் சேர்க்கும்போது நேர்காணல் செய்பவராக அவர் இருந்தார். வந்தவர்களிடம் முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு, மனிதர்களின் ஈடுபாடுகளைச் சில வகைகளுக்குள் அடக்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. கையால் செய்யும் வேலை, ஆராயும் வேலை, கலை, மனிதர்களோடு பழகி உதவுவது, வியாபாரமும் நிர்வாகமும், ஒழுங்குமுறையாகக் கணக்கும் பதிவும் பார்ப்பது என்று மொத்தம் ஆறு வகை. ஒவ்வொன்றுக்கும் பத்துக் கேள்வி, ஒவ்வொரு வகைக்கும் அதிகபட்சம் 40 புள்ளி.

அக்கா மகளுக்கு வந்தது இது: மனிதர்களுக்கு உதவும் வகையில் (தளத்தில் அதற்கு சோஷியல் என்று பெயர்) 31, ஆராயும் வகையில் 29, கலையில் 27, மற்ற மூன்றும் இருபதுக்குக் கீழே. உடனே அவள் முகத்தில் ஒரு தெளிவு, "அப்போ நான் சோஷியல் டைப்பா சித்தி?" என்றாள். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். 31-க்கும் 29-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் எவ்வளவு? இரண்டு கேள்விக்குப் பிடிக்கும் என்பதற்குப் பதிலாக மிகவும் பிடிக்கும் என்று அழுத்தினால் வருகிற வித்தியாசம். மறுவாரம் மறுபடி செய்யச் சொன்னேன், இரண்டும் இடம் மாறிவிட்டன. முதல் மூன்றும் முதல் மூன்றாகவே இருந்தன, கடைசி மூன்றும் அப்படியே. ஆக, இதில் இருந்து நம்பி எடுத்துக்கொள்ளக் கூடியது இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்ற அளவுதான், அதற்குள் முதலிடம் யாருக்கு என்று சண்டை போட வேண்டியதில்லை. எண்களின் கீழே இதையெல்லாம் கொட்டை எழுத்தில் அவர்கள் எழுதியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகள் பார்ப்பது விருப்பத்தை மட்டுமே. திறமையைப் பார்ப்பதில்லை. பாட்டு எழுதப் பிடிக்கும் என்றால் வரும் என்று பொருளாகாது, கணக்கு வராது என்பதால் கணக்கு சார்ந்த வேலை பிடிக்காது என்றும் ஆகாது. விருப்பத்துக்கும் வேலையில் கிடைக்கும் நிறைவுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் அந்தத் தொடர்பு நாம் நினைக்கிற அளவுக்கு வலுவானது இல்லை என்பதையே ஆய்வுகள் மறுபடி மறுபடி காட்டியிருக்கின்றன. மேலதிகாரி எப்படி, கூட வேலை செய்பவர்கள் எப்படி, நேரம் எப்படி என்பதெல்லாம் ஒரு மனிதனின் வேலை வாழ்க்கையை அவ்வளவு தூரம் மாற்றிவிடும். என் லேபிலேயே பார்த்திருக்கிறேன், வேலை உயிராகப் பிடித்திருந்தும் இரவுப் பணி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் விட்டுப் போனவர்கள் உண்டு.

அடுத்த கட்டத்தில் எவ்வளவு தயாரிப்பு வேண்டும் என்று கேட்கிறது. கொஞ்சமும் தேவையில்லாதது முதல் பல வருடப் படிப்பு தேவைப்படுவது வரை வேலைகளை ஐந்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இது நல்ல யோசனை. ஏனென்றால் ஒரே துறையில் வேறு வேறு வாசல்கள் இருப்பது இதில் தெரிகிறது. லேப் டெக்னீஷியன் ஒரு மண்டலம், டெக்னாலஜிஸ்ட் அடுத்த மண்டலம். பிசியோதெரபிஸ்ட் மேல் மண்டலத்தில் இருந்தால் அவருக்கு உதவியாளர் இரண்டு படி கீழே இருக்கிறார். பெரிய படிப்புக்கு வழியில்லாத பிள்ளைக்கு இந்தத் துறையே நமக்கு இல்லை என்று தோன்றிவிடாமல் இது காப்பாற்றும்.

பிறகு வேலைகளின் பட்டியல் வருகிறது. பலரும் நின்றுவிடுகிற இடம் இதுதான். பட்டியலில் தெரிந்த பெயர் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் இது சரியில்லை என்று மூடிவிடுவது.

மூடாதீர்கள். ஏதாவது ஒரு வேலையை அழுத்துங்கள். அந்தப் பக்கத்தில் அந்த வேலையில் இருப்பவர் என்ன செய்வார் என்று மூன்றே வரி சுருக்கம் இருக்கும். இதுவும் போதாது. அந்தப் பக்கத்தின் கீழே போனால் ஓ-நெட் ஆன்லைன் என்ற இன்னொரு தளத்துக்கு இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள். அங்கேதான் முழு விவரமும் இருக்கிறது.

ஓ-நெட் ஒரு பெரிய தரவுக் கிடங்கு. அமெரிக்காவில் 1939-இல் இருந்து தொழில்களின் அகராதி ஒன்றை அச்சிட்டு வந்தார்கள், எந்த வேலையில் இருப்பவர் என்ன செய்வார் என்று ஒரு பத்தியில் விளக்கம் இருக்கும். 1991-இல் வந்த பதிப்பில் 12,000-க்கும் மேற்பட்ட வேலைகள் இருந்தன. வேலைகள் மாறுகிற வேகத்துக்கு அச்சு ஈடுகொடுக்க முடியவில்லை, அதனால் அதற்கு மாற்றாக 1998-இல் ஓ-நெட் வந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் தகவல் சேர்க்கும் விதம். வேலை இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே அந்த வேலையில் இருப்பவர்களிடமே கேள்வித்தாளைக் கொடுத்துக் கேட்கிறார்கள். இந்தப் பணியை நீங்கள் செய்கிறீர்களா, எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு முக்கியம். ஆள் கிடைக்காத சில தொழில்களுக்கு அந்தத் துறையில் தேர்ந்தவர்களிடம் கேட்கிறார்கள். எங்கோ உட்கார்ந்து கற்பனையில் எழுதிய விளக்கம் இல்லை என்பது படிக்கும்போதே தெரிகிறது.

என் வேலையின் பக்கத்தைத் திறந்து அச்செடுத்தேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் குறித்தேன். உடல் திரவங்களை வேதியியல் சோதனை செய்வது, முடிவுகள் சரியா என்று சரிபார்ப்பது, கருவிகளை அளவு திருத்திப் பராமரிப்பது, தரக் கட்டுப்பாட்டைக் கவனிப்பது, கீழே இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, முடிவுகளைப் பற்றி மருத்துவர்களுக்கு விளக்குவது. எல்லாம் உண்மை. எல்லாம் நான் செய்கிறேன்.

"இதுல எது சித்தி ரொம்ப நேரம் எடுக்கும்?" என்று கேட்டாள்.

இந்தப் பக்கங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. பணிகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் ஒரு நாளில் எது எத்தனை மணி நேரத்தை விழுங்குகிறது என்று ஒரே பார்வையில் தெரியாது. நான் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் மணிக்கணக்கை எழுதினேன். காலையில் முதல் வேலை கண்ட்ரோல் ஓட்டுவது, அதாவது விடை ஏற்கெனவே தெரிந்த மாதிரியை மெஷினுக்குள் விட்டு அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது. அந்த எண்ணை வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். நடுக்கோட்டில் இருந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி விழுந்தால் நோயாளி மாதிரி எதையும் தொடக் கூடாது, காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டுத்தான் மறு வேலை. எல்லைக்குள்ளேயே இருந்தாலும் புள்ளிகள் நாலைந்து நாளாக ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால் ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் உறுத்தும். அந்த உறுத்தல்தான் இந்த வேலை. அதை எந்தப் பட்டியலிலும் எழுதிவிட முடியாது.

அப்புறம் தொலைபேசி. ஊதா மூடி டியூபில், அதாவது இரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்ட டியூபில், வந்த இரத்தம் உறைந்திருந்தால், சின்னதாக ஒரு கட்டி இருந்தால்கூட, அந்த மாதிரியை ஓட்டக் கூடாது. ஓட்டினால் தட்டணுக்களின் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து வரும், அதை நம்பி மருத்துவர் ஒரு முடிவெடுப்பார். அதனால் வார்டைக் கூப்பிட்டு, சிஸ்டர், சாம்பிள் உறைந்திருக்கிறது, மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டும். அங்கே அவர் இருபது பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏற்கெனவே நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தி எடுத்த குழந்தையாக இருக்கும். கோபம் வரும், நியாயமான கோபம். உறைந்த மாதிரி, சிவப்பணு உடைந்த மாதிரி, அளவு குறைந்த மாதிரி, பெயர் மாறிய மாதிரி என்று ஒரு நாளில் இப்படி எத்தனையோ அழைப்புகள். சிவப்பணு உடைந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும், அதையும் விட முடியாது. இந்த அழைப்பைச் செய்யத் தயங்குகிறவர் இந்த வேலைக்கு வரக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். நுண்ணோக்கி பிடிக்குமா என்பதைவிட, கோபமாக இருக்கும் ஒருவரிடம் தன்மையாகப் பேசிக்கொண்டே முடியாது என்று சொல்ல வருமா என்பதுதான் என் வேலைக்கான கேள்வி.

இங்கே ஓ-நெட்டுக்கு நியாயமும் செய்ய வேண்டும். பணிகளின் பட்டியலில் இந்த அழைப்பு வரவில்லை, ஆனால் பணிச்சூழல் என்று ஒரு பகுதி தனியாக இருக்கிறது, அதைப் பார்க்காமல் எந்த வேலைப் பக்கத்தையும் மூடாதீர்கள். தொலைபேசியில் எவ்வளவு அடிக்கடி பேச வேண்டும், துல்லியம் எவ்வளவு முக்கியம், தவறு செய்தால் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கும், நோய்த்தொற்றுக்கு ஆளாக நேருமா, கோபமானவர்களைச் சமாளிக்க வேண்டுமா, நாளில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், வெயிலிலும் மழையிலும் இருக்க வேண்டுமா என்று வேலையில் இருப்பவர்கள் சொன்ன பதில்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வேலையில் பத்து வருடம் கழித்து மனிதர்கள் எதைப் பற்றிப் புலம்புவார்களோ அதெல்லாம் இந்தப் பகுதியில் இருக்கிறது.

அவள் அந்தப் பகுதியை வைத்துக்கொண்டுதான் முதல் முறையாகத் தானாக ஒரு முடிவுக்கு வந்தாள். என்ன வேலை வேண்டும் என்பது இன்னும் தெரியாது, ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற வேலை வேண்டாம், ஆட்களோடு பேசாத வேலை வேண்டாம். ஆறு மாதப் பேச்சில் கிடைக்காத தெளிவு இது.

பட்டியலில் பிசியோதெரபி அவளுக்கு மேலே வந்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது பிடிக்குமா என்ற கேள்விக்கு மிகவும் பிடிக்கும் என்று அழுத்தியிருந்தாள். சரி, பக்கத்தை அச்செடுத்துக்கொள், அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் போய்ப் பேசு என்றேன். எங்கள் மருத்துவமனையில் எனக்குப் பழக்கமான ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார். போவதற்கு முன் அவளிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன்: உங்க வேலை எப்படி என்று கேட்காதே, நேற்று காலையில் இருந்து என்ன செய்தீர்கள் என்று கேள். வேலை எப்படி என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றோ கஷ்டம்தான் என்றோ சொல்லி முடித்துவிடுவார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது, அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். நேற்று என்று கேட்டால் நினைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.

அவர் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வரிக்குக் கீழே விரல் வைத்து, "சொல்லிக்குடுக்கிறது அஞ்சு நிமிஷம்மா. வீட்டுக்குப் போய்ச் செய்ய வைக்கிறதுதான் என் வேலை" என்றாராம். நேற்று அவர் பார்த்த ஆட்களில் பாதிப் பேர் வீட்டில் பயிற்சி செய்யாமலே வந்தவர்கள். அவர்களைத் திட்டாமல், விட்டும்விடாமல், ஏன் செய்யவில்லை என்று கண்டுபிடித்து, வலியா, பயமா, நேரமில்லையா என்று பார்த்து, பயிற்சியை அவர்களுக்கு ஏற்ற மாதிரி குறைத்துக் கொடுத்து அனுப்ப வேண்டும். அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுத வேண்டும், முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, போன வாரம் எத்தனை. மாலையில் ஒரு பெரியவர் கைத்தடி இல்லாமல் நாலு எட்டு வைத்தார், அதைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்று நடந்தே காட்டினார் என்று இவள் வந்து என்னிடம் நடந்து காட்டினாள். எந்தத் தளத்திலும் இது கிடைக்காது. ஆனால் அந்தப் பக்கம் கையில் இல்லாமல் போயிருந்தால் இவளுக்கு என்ன கேட்பது என்றே தெரிந்திருக்காது, அவரும் நல்லா படிம்மா என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

இதற்கு முன்னால் பணம் கட்டி ஒரு சோதனை செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள், கடைசியில் வண்ணப் படங்களோடு தடியாக ஓர் அறிக்கை. நீ இன்ன நாலெழுத்து ஆளுமை, உனக்கு இந்தப் பத்து வேலைகள் பொருந்தும் என்று. மையர்ஸ்-பிரிக்ஸ் வகையறா சோதனை அது. மனிதர்களை உள்முகம் அல்லது வெளிமுகம் என்று இரண்டில் ஒரு பெட்டிக்குள் போடுகிற முறை, நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர் மறுமுறை எழுதினால் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார், அந்தச் சோதனையைப் பற்றிப் பல காலமாக இருக்கும் குற்றச்சாட்டே இதுதான். அந்தச் சோதனையைப் பரப்புகிற அமைப்பே அதை வைத்து வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது என்று சொல்கிறது. அப்படியிருக்க, அதை வைத்து ஒரு பிள்ளையின் வேலையைத் தீர்மானிப்பது எப்படிச் சரியாகும்? எனக்கு அதைவிட வருத்தம், அந்த அறிக்கையில் ஆலோசகர், மேலாளர், ஆய்வாளர் என்று பெயர்கள் மட்டுமே இருந்தன, அதில் எந்த ஒன்றிலும் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு வரி இல்லை. விளக்கம் கேட்டுத் தொலைபேசியில் பேசினால் அடுத்த கட்ட ஆலோசனைக்கு மறுபடி பணம் கட்டச் சொன்னார்கள். அக்கா மகள் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை, தன்னைப் பற்றி யாரோ ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது போல இருந்ததாம். அதற்குத்தான் எனக்குக் கோபம்.

1908-இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்கு வேலைத் தேர்வில் உதவ ஓர் அலுவலகம் தொடங்கினார், இந்தத் துறைக்கே அதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். அவர் சொன்னது மூன்று விஷயம்: உன்னைப் பற்றித் தெரிந்துகொள், வேலைகளைப் பற்றித் தெரிந்துகொள், இரண்டையும் சேர்த்து யோசி. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் சோதனை விற்பவர்கள் முதலாவதை மட்டுமே விற்கிறார்கள், இரண்டாவதுக்கு உழைப்பு அதிகம். ஓ-நெட் அந்த இரண்டாவதைச் செய்கிறது.

இனி மற்ற குறைகள். நாங்கள் பார்த்தது ஆங்கிலத்தில்தான், ஸ்பானிஷிலும் இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையோடு பெரியவர் யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் வாயால் சொல்லிவிட்டு, பதில் அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சம்பளம், எதிர்காலத்தில் வேலை கூடுமா குறையுமா என்ற கணிப்பு, உரிமம், படிப்பின் பெயர் எல்லாம் அமெரிக்காவுக்கு உரியவை, வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்தப் பகுதியை அப்படியே தாண்டிப் போய்விட வேண்டும், அதை வைத்து எந்தக் கணக்கும் போடாதீர்கள். புதிதாக முளைக்கும் வேலைகள் இதில் ஏறுவதற்குக் காலம் எடுக்கிறது. வேலைகளின் பெயர்கள் சில சமயம் நாம் சொல்கிற பெயராக இருக்காது, தேடலில் வரவில்லை என்றால் செய்கிற காரியத்தைச் சொல்லித் தேடுங்கள், வந்துவிடும். கைத்தொழில்களையும் அலுவலக வேலைகளையும் ஒரே மரியாதையோடு ஒரே அளவு விவரத்தோடு எழுதியிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, தரை ஓடு பதிப்பவருக்கும் அறுவை மருத்துவருக்கும் ஒரே மாதிரி பக்கம்தான்.

யாருக்கு இது ஆகாது என்றால், இன்றைக்கே ஒரு பெயர் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு. குறைந்தது மூன்று நாலு பக்கங்களை முழுதாகப் படித்து, பிடிக்காத வரிகளைக் குறித்து, அந்த வேலையில் இருக்கும் ஒருவரையாவது கண்டு பேசும் பொறுமை வேண்டும். வேலை மாறலாமா என்று நினைக்கும் நடுவயதுக்காரர்களுக்கு, சொல்லப்போனால், பிள்ளைகளைவிட அதிகமாக உதவும். அவர்கள் தங்கள் இப்போதைய வேலையின் பக்கத்தை முதலில் திறந்து பென்சிலோடு உட்காரட்டும். எந்த வரிகளால் களைப்பு வருகிறது, எந்த வரிகளை விட்டால் வருத்தப்படுவார்கள் என்று குறித்தாலே, மாற வேண்டியது தொழிலா அல்லது இடமா என்பது பாதி தெரிந்துவிடும். நான் என் பக்கத்தில் களைப்பு என்று குறித்தது இரண்டே வரி, இரண்டும் இரவுப் பணியில் வருகிறவை. அடுத்த மாதப் பணிப் பட்டியல் போடும்போது பேசிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில், அக்கம்பக்கத்தில் ஒரு பிள்ளை உங்களிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், பதவிப் பெயரைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். நேற்று காலையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பதினான்கு வருடமாக என் அக்கா மகளுக்கு நான் லேபில் இருக்கிறேன் என்பதற்கு மேல் எதுவும் தெரியாமல் இருந்திருக்கிறது, அவள் கேட்காமல் இல்லை, நான் சொல்லவில்லை.

இப்போது அவள் நான்கு பக்கங்கள் அச்செடுத்து வைத்திருக்கிறாள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, பள்ளி ஆலோசகர், நாலாவதாக என் வேலை. என் பக்கத்தில் ஓரத்தில் நான் எழுதிய மணிக்கணக்குகளுக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: வார்டுக்குப் போன் பண்ணும்போது முதல் வாக்கியம் எப்படி ஆரம்பிப்பீங்க? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சொல்லித்தாருங்கள் என்றாள்.